ஏரிக்கரைக் கொடியும் இரண்டு ரோஜாக்களும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து ஏரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மதகைப் பற்றி எழுதுவார்கள். கலங்கலைப் பற்றி, ஆயக்கட்டைப் பற்றி, ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதுவார்கள். கரைச் சரிவில் எருக்குக்கும் கள்ளிக்கும் நடுவே படர்ந்து கிடந்த இரண்டு கொடிகளைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஒன்று ஆடுதீண்டாப்பாளை, இன்னொன்று ஈசுவரமூலி. இவை இரண்டையும் நம்பி இரண்டு பட்டாம்பூச்சிகள் இந்த வட்டாரத்தில் பெருகி வாழ்ந்தன. ஒன்றின் பெயர் கிரிம்சன் ரோஸ், மற்றதன் பெயர் காமன் ரோஸ். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

நான் திருமுல்லைவாயிலில் பிறந்தவள். அம்பத்தூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். இந்த ஊர்களின் கடந்த காலத்தை இந்தக் கொடிகளை வைத்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். எந்த நிலத்தை ஊர் சும்மா விட்டு வைத்திருந்தது, அந்த நிலத்துக்கு எப்போது விலை வந்தது, அப்போது எது முதலில் வெட்டப்பட்டது என்பதற்கெல்லாம் இந்தக் கொடிகளே சாட்சி. இவற்றோடு சேர்ந்து குறைந்துவரும் இரண்டு பூச்சிகளும் சாட்சி.

முதலில் இரண்டையும் அடையாளம் கண்டுகொள்வோம். இறக்கை விரித்தால் இரண்டும் ஏறக்குறைய உள்ளங்கை அகலம். இரண்டுக்கும் கறுப்பு இறக்கை, பின்னிறக்கையில் வால், சிவந்த உடல். கிரிம்சன் ரோஸின் முன்னிறக்கையில் இடைவெளி விட்டு விட்டு ஓடும் வெள்ளைப் பட்டைகள் உண்டு. பின்னிறக்கையில் ரத்தச் சிவப்பில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். வெயிலில் பறக்கும்போது தூரத்திலிருந்தே அந்தச் சிவப்பு தெரியும். காமன் ரோஸின் முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை கிடையாது. நரம்புகளுக்கு நடுவே சற்று வெளிறியிருக்கும், அவ்வளவுதான். அதன் வெள்ளை பின்னிறக்கையின் நடுவில் ஒரு திட்டாக இருக்கும். ஓரத்தில் மங்கிய சிவப்புப் பிறைகள் தெரியும்.

புழுப் பருவத்தில் வேறுபாடு இன்னும் தெளிவு. இரண்டு புழுக்களும் கருஞ்சிவப்பு நிறம், உடல் முழுக்கச் சதைப்பற்றான சிவந்த முனைகள். காமன் ரோஸ் புழுவுக்கு மட்டும் உடம்பின் நடுவில் வெள்ளை நிறத்தில் ஒரு கச்சை கட்டியிருக்கும். கிரிம்சன் ரோஸ் புழுவுக்கு அந்தக் கச்சை இல்லை. ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் இரண்டுமே தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவைக்கொம்பு ஒன்றை நீட்டும். குப்பென்று ஒரு நெடி வரும். தொட்டவர் விலகியதும் கொம்பு உள்ளே போய்விடும்.

இந்தத் துணிச்சலுக்குக் காரணம் இலை. ஆடுதீண்டாப்பாளையிலும் ஈசுவரமூலியிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. புழு அந்த இலையைத் தின்று நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. இறக்கை முளைத்த பிறகும் அது உடம்பில் இருக்கும். ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அந்தச் சிவப்பை நெருங்காது. அதனால்தான் இந்த ரோஜாக்கள் அவசரமே இல்லாமல் பறக்கின்றன. மற்றப் பட்டாம்பூச்சிகள் படபடவென்று விலகிப் போகும் இடத்தில் இவை ஆற அமர உன்னிப் பூவில் தேன் குடித்துக்கொண்டிருக்கும். பொழுது சாயும் நேரத்தில் கிரிம்சன் ரோஸ்கள் கூட்டமாக ஒரே புதரில் வந்து தொங்கி உறங்கும். சிறுவயதில் ஏரிக்கரை நொச்சிப் புதரில் அப்படி அவை வரிசையாகத் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றுக்கு அறிவியல் பெயர் வந்த கதையில் நம் கரைக்கும் பங்குண்டு. 1758இல் கார்ல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் வாலுள்ள பெரிய பட்டாம்பூச்சிகளுக்கு ஹோமர் காவியத்து வீரர்களின் பெயர்களை வைத்தார். மார்பில் ரத்தச் சிவப்பு உள்ளவற்றை டிராய் வீரர்கள் என்று ஒரு பிரிவாக்கினார். கிரிம்சன் ரோஸுக்கு டிராயின் பெருவீரன் ஹெக்டரின் பெயர் கிடைத்தது. 1768இல் அவருடைய மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். இந்தக் கரையின் செடிகளையும் பூச்சிகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபேப்ரிசியஸ் 1775இல் காமன் ரோஸுக்குப் பெயர் சூட்டினார். அவர் வீரர் பெயர் எதையும் தேடவில்லை. புழு தின்னும் கொடியின் பேரினப் பெயரையே பூச்சிக்கு வைத்துவிட்டார். இந்தக் கொடி இல்லாமல் அந்தப் பூச்சி இல்லை என்ற உண்மை இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே ஏட்டில் ஏறிவிட்டது.

இனி நிலத்துக்கு வருகிறேன்.

1763இல் ஆற்காடு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் அந்தச் சீமையை ஊர் ஊராக அளந்தார். ஏரி எவ்வளவு, காடு எவ்வளவு, விளைநிலம் எவ்வளவு என்று கணக்கெடுத்தார். அந்தக் காலத்திலிருந்து ஏரிகள்தான் இந்தச் சீமையின் அடையாளம். ஆறு பெரிதாக இல்லாத பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்துவைத்துத்தான் ஆண்டு முழுக்கப் பிழைக்க வேண்டும். ஏரி இருந்தால் கரை இருக்கும், கரை இருந்தால் சரிவு இருக்கும். அந்தச் சரிவிலும் கால்வாய் ஓரத்திலும் மந்தைவெளியிலும் யாரும் உழுவதில்லை, யாரும் வரி கட்டுவதில்லை. கணக்கில் அது புறம்போக்கு. கொடிகள் அங்கேதான் இருந்தன.

அங்கே ஆடுகளும் இருந்தன. எங்கள் தெருவில் ஆடு வளர்த்த ஆயா ஒருவர் இருந்தார். காலையில் ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். கரையில் இருக்கும் அருகம்புல், வேலிப்பருத்தி, கருவேலங்காய் எல்லாவற்றையும் ஆடுகள் மேயும். தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் ஆடுதீண்டாப்பாளையை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஏன் என்று கேட்டேன். "அது கசப்பும்மா. ஆட்டுக்குத் தெரியும், எது ஆவும் எது ஆவாதுன்னு" என்றார் ஆயா.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் அவர் சொன்னதன் முழுப் பொருள் எனக்கு விளங்கியது. போட்டிக்கு நிற்கும் செடிகளை ஆடு தின்றுவிடுகிறது, ஆடு தொடாத செடிக்கு இடமும் வெயிலும் கிடைக்கின்றன. ஏரிக்கரையில் ஆடுதீண்டாப்பாளை செழித்திருந்ததற்கு ஆட்டு மந்தைகளும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். மந்தைகள் போன பிறகு அதே கரைகளில் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் ஏறிக்கொண்டன. அவற்றின் அடியில் இந்தச் சின்னக் கொடியால் தலைதூக்க முடியவில்லை.

ஈசுவரமூலி அப்படித் தரையில் கிடப்பதில்லை. அது சுற்றி ஏறும் கொடி. சில ஊர்களில் பெருமருந்து என்பார்கள். வேலிதான் அதன் வீடு. கள்ளி, கிளுவை, நொச்சி என்று உயிர்வேலி எங்கே இருந்ததோ அங்கே அதுவும் இருந்தது. அதன் பூவைப் பள்ளியில் பல ஆண்டுகள் மாணவர்களுக்குப் பிளந்து காட்டியிருக்கிறேன். அடியில் வெளிர்ப்பச்சையில் ஓர் உருண்டை, அதிலிருந்து வளைந்து எழும் குழல், குழலின் வாயில் கருஞ்சிவப்பில் ஒரு நாக்கு. வாடைக்கு மயங்கிச் சிற்றீக்கள் குழலுக்குள் இறங்கும். குழலின் உட்புறத்தில் கீழ்நோக்கிய மயிர்கள் இருப்பதால் இறங்கிய ஈ ஏற முடியாது. சூலகத்தருகே சுற்றிச் சுற்றி வரும். பிறகு மகரந்தம் முதிர்ந்து ஈயின் மேல் கொட்டும், மயிர்கள் வாடும், ஈ விடுதலையாகும். விடுதலையான ஈ அடுத்த பூவுக்குள் இறங்கும். பிளேடால் குழலை நீளவாக்கில் கீறினால் உள்ளே உயிரோடு ஈ நடமாடுவதைப் பார்க்கலாம். பிள்ளைகள் கூவிவிடுவார்கள். காய் முற்றிக் காய்ந்தால் காம்பும் சேர்ந்து இழை இழையாகப் பிரிந்து, கூரையில் தொங்கும் உறி போலத் தொங்கும். விதைகள் இறகுபோல் மெல்லியவை, காற்றில் போய்விடும்.

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அந்த இருப்புப்பாதை இந்த ஏரிகளின் ஊடேதான் போகிறது. ரயில் வந்து கொடி அழிந்தது என்று நான் சொல்லமாட்டேன். பாதையின் இருமருங்கிலும் விடப்பட்ட மேடும் சரிவும் இன்னொரு நீண்ட புறம்போக்கு நிலமாயின. வில்லிவாக்கத்துக்கும் ஆவடிக்கும் நடுவே மின்சார ரயிலில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் வேலியில் ஏறிய ஈசுவரமூலி கண்ணில் பட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பின் வந்த தொழிற்சாலைகளும் தொடக்கத்தில் இந்தக் கொடிக்குப் பகையாக இல்லை. 1951 வாக்கில் அம்பத்தூரில் சைக்கிள் உற்பத்தி தொடங்கியது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழிற்பேட்டை அது. என் அப்பாவும் அங்கே ஒரு பட்டறையில் லேத்தில் நின்றவர். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். அதனால் தொழிற்பேட்டையைக் குறை சொல்லி இந்த வரலாற்றை எழுத என்னால் முடியாது, அது நியாயமும் ஆகாது.

அன்றைய தொழிற்பேட்டையில் ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே இடம் கிடந்தது. எல்லைக்கு முள்கம்பி வேலிதான். ஈசுவரமூலிக்கு முள்கம்பி போதும். அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது அந்த வேலியில் தொங்கிய காய்களைப் பறித்து விளையாடியிருக்கிறேன். காலி மனைகளில் ஆடுதீண்டாப்பாளை படர்ந்து கிடந்தது. கார்த்திகை மழை விட்டதும் அங்கே கிரிம்சன் ரோஸும் காமன் ரோஸும் தாழ்வாகப் பறந்து முட்டையிட இலை தேடும். தாய்ப்பூச்சி இலைக்கு இலை காலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். சரியான இலை என்று தெரிந்ததும் வயிற்றின் நுனியை வளைத்துச் செந்நிற முட்டை ஒன்றை ஒட்டவைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போகும். மார்கழியும் தையும் இவற்றின் காலம்.

பழைய நிலை மாறியது 1990களில். மனையின் விலை ஏறியது. முள்கம்பி போய்க் காம்பவுண்டு சுவர் வந்தது. சுவரில் கொடி ஏறாது. ஷெட்டுகள் இருந்த இடங்களில் மென்பொருள் கட்டடங்கள் எழும்பின. காலி மனைகள் அடுக்குமாடிகளாயின. ஏரியின் நீர்ப்பரப்பு குறைந்ததைப் பத்திரிகைகள் எழுதின, நீதிமன்றங்கள் விசாரித்தன. கரையின் வெளிச்சரிவு காணாமல் போனதை யாரும் வழக்காக்கவில்லை. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லிக்கு மெட்ரோ வேலை வந்தது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் புறம்போக்கு குறைந்தது.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டாம்பூச்சிகள் சேர்க்கப்பட்டபோது, கிரிம்சன் ரோஸ் முதல் அட்டவணையில் வைக்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே அட்டவணை. நம் ஊர்க் காமன் ரோஸுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. இலங்கையையும் இந்தியாவையும் முதன்மை வாழிடமாகக் கொண்டது கிரிம்சன் ரோஸ். காமன் ரோஸ் இங்கிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரந்திருப்பது. இரண்டுமே உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்பவை அல்ல. ஆனால் உலக அளவில் பிழைத்திருப்பது வேறு, ஓர் ஊரில் பிழைத்திருப்பது வேறு. அம்பத்தூரில் இரண்டும் தின்பது ஒரே இலையை. அந்த இலைக்கு எந்த அட்டவணையிலும் இடம் இல்லை. கிரிம்சன் ரோஸைப் பிடித்துக் குத்தி வைத்தால் குற்றம் என்றிருந்த காலத்திலும், அதன் புழுக்கள் மேய்ந்துகொண்டிருந்த கொடியை ஜேசிபியால் வழித்தெடுத்தால் யாரும் கேட்டதில்லை. பாதுகாக்கப்பட்ட பூச்சியும் பாதுகாக்கப்படாத பூச்சியும் ஒரே மண்வாரியில் ஒன்றாகவே போயின. 2022இல் அட்டவணைகள் முழுதாகத் திருத்தியமைக்கப்பட்டன. அட்டவணை எப்படி மாறினாலும் புறம்போக்கில் வளரும் களையைக் காப்பாற்ற அதனால் ஆகாது. அது ஊராரின் வேலை.

"இல்லையே, எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அடிக்கடி பார்க்கிறோமே" என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் வேறொரு பூச்சி. காமன் மார்மன் என்று அதற்குப் பெயர். அதன் புழு தின்பது கறிவேப்பிலையும் எலுமிச்சை இலையும். அதன் உடம்பில் ரோஜாக்களின் நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்பூச்சிகளில் மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று காமன் ரோஸைப் போல் வேடமிடும். மூன்றாவது கிரிம்சன் ரோஸைப் போல் வேடமிடும். பறவைகள் ஏமாந்து விட்டுவிடுகின்றன.

இந்த வேடம் அறிஞர்களையும் நீண்ட காலம் ஏமாற்றியது. ஆணுக்கு ஒரு பெயர், வேடமிட்ட பெண்களுக்கு வேறு வேறு பெயர்கள் என்று தனித்தனி இனங்களாகவே பதிவு செய்திருந்தார்கள். 1865இல் வெளியான தன் கட்டுரையில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இவை எல்லாம் ஒரே இனம் என்று விளக்கினார். 1910களில் ஃப்ரையர் இலங்கையில் இவற்றை வளர்த்துத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுத்து, வேடம் எப்படி மரபாக இறங்குகிறது என்று காட்டினார். 2014இல் கிருஷ்ணமேக் குண்டே முதலானோர் அந்த வேடத்தை ஆட்டிவைப்பது டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணு என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். நம் கொல்லைக் கறிவேப்பிலைச் செடியில் நடக்கிற காரியத்துக்கு இத்தனை பெரிய ஆராய்ச்சி வரலாறு இருக்கிறது.

அசலையும் வேடத்தையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. உடம்பைப் பாருங்கள். தலையும் வயிறும் சிவந்திருந்தால் அது ரோஜா. உடம்பு கறுப்பாக இருந்தால் அது மார்மன். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

இந்த வேடதாரிதான் எனக்கு மிகப் பெரிய வரலாற்று ஆவணம். போலி பிழைக்க வேண்டுமென்றால் அசல் மலிந்திருக்க வேண்டும். நஞ்சுள்ள சிவப்பை அடிக்கடி கொத்திப் பார்த்து மறக்காமல் இருக்கும் பறவைகள் இருந்தால்தான் நஞ்சில்லாத சிவப்புக்குப் பாதுகாப்பு. கிரிம்சன் ரோஸ் பறக்காத நாடுகளில் அதன் வேடமிட்ட மார்மன் பெண்ணும் இல்லை. ஆக, இங்கே இரண்டு வேடமும் நிலைத்திருப்பதே, இரண்டு ரோஜாக்களும் இந்தச் சமவெளியில் நெடுங்காலம் பெருந்தொகையாக வாழ்ந்தன என்பதற்குச் சான்று. இன்று என் தெருவில் கறிவேப்பிலை இல்லாத வீடு இல்லை, ஈசுவரமூலி உள்ள வீடு இல்லை. வேடமிட்ட பூச்சி வருகிறது, அசல் எப்போதாவது வருகிறது.

ஒரு கொடியையோ ஒரு செடியையோ மட்டும் நம்பி வாழும் பூச்சிக்கு என்ன நேரும் என்பதை இதே பேரினத்தின் இன்னொரு இணை காட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைகளின் மழைக்காட்டில் மலபார் ரோஸ் இருக்கிறது. இலங்கையின் ஈரவலயத்து மழைக்காடுகளில் சிலோன் ரோஸ் இருக்கிறது. தோற்றத்திலும் பிறப்பிலும் மிக நெருங்கியவை. இடையில் கடல். சிலோன் ரோஸுக்கு 1850களில் கிரே பெயரிட்டார், மலபார் ரோஸுக்கு 1881இல் மூர் பெயரிட்டார். இரண்டும் நம்பியிருப்பது ஈசுவரமூலியின் குடும்பத்தைச் சேர்ந்த தோட்டியா என்ற குறுஞ்செடியை. அந்தச் செடி வளர்வது மழைக்காட்டு நிழலில். தேயிலைக்கும் ரப்பருக்கும் காடு போனபோது செடி போனது, செடியோடு பூச்சி ஒடுங்கியது. 1996இல் சிலோன் ரோஸ் மிக அருகிய இனம் என்று உலகச் செம்பட்டியலில் அறிவிக்கப்பட்டது. இரண்டு பூச்சிகளும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன.

நம் சமவெளி இணைக்கு அந்த நிலை வரவில்லை. காரணம், இவற்றின் கொடி காட்டை நம்பியதில்லை, வேலியையும் கரையையும் நம்பியது. கிரிம்சன் ரோஸ் நெடுந்தூரம் பறக்கவும் வல்லது. தனுஷ்கோடிப் பக்கம் கூட்டமாகக் கடலைத் தாண்டி இலங்கையை நோக்கிப் பறப்பதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கடல் தாண்டும் பூச்சிக்கு அம்பத்தூருக்குத் திரும்பி வருவது பெரிய காரியம் இல்லை. வந்தால் முட்டையிட இலை வேண்டும்.

இதை நான் சோதித்தே பார்த்தேன். பணியில் இருந்த காலத்தில் தலைமை ஆசிரியையிடம் கேட்டு, சைக்கிள் ஷெட்டின் கம்பி வேலியோரம் ஈசுவரமூலி விதை போட்டோம். முளைக்க நாளானது. ஏறத் தொடங்கியதும் விடாமல் ஏறியது. மறு மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்தான். "மிஸ், கொடியில புழு அரிக்குது மிஸ். மருந்து அடிக்கட்டுமா?" என்றான். "அடிக்கக் கூடாதுடா. அதுக்காகத்தான் வெச்சிருக்கோம். இடுப்புல வெள்ளைக் கச்சை இருக்கா பாரு" என்றேன். பார்த்துவிட்டு வந்து, "சிலதுக்கு இருக்கு, சிலதுக்கு இல்ல மிஸ்" என்றான். இரண்டு இனமும் ஒரே வேலிக்கு வந்திருந்தன. வீதிக்கு வீதி சுவர் எழுந்த ஊரில், அவை அந்த ஒரு வேலியை எப்படியோ கண்டுபிடித்து வந்துவிட்டன.

மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இந்தக் கொடிகள் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக இருப்பவை. எங்கள் தெரு ஆயாவும் தேள் கொட்டினால் இலையை அரைத்துப் பூசுவார். ஆனால் இன்று நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மூலிகை மருந்தில் இந்தப் பேரினத்துச் செடி ஒன்று கலந்திருந்தது. அதை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அரிஸ்டோலோக்கிக் அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே யாரும் இந்த இலையைக் கஷாயமாகக் குடிக்க வேண்டாம், பொடியாக வாங்கித் தின்ன வேண்டாம். பாம்பு கடித்தால் அரசு மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். இந்த இலை பூச்சிக்கு உணவு. நமக்கு மருந்து அல்ல.

இப்போது எங்கள் பக்கத்து ஏரிகளில் சீரமைப்பு வேலைகள் நடக்கின்றன. நான் அதை வரவேற்கிறவள். தூர் வாரட்டும், கழிவுநீரை நிறுத்தட்டும், ஆக்கிரமிப்பை எடுக்கட்டும். 2019இல் ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் நடைபாதையும் படகும் உள்ள பசுமைப் பூங்கா திறக்கப்பட்டபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. மக்கள் ஏரியை நேசிப்பது நல்லது. ஆனால் சீரமைப்பு என்றாலே கரை முழுவதையும் வழித்து, சிமெண்ட் கல் பதித்து, புல்தரை விரித்து, அரளியும் செம்பருத்தியும் நடுவது என்று ஆகிவிட்டது. அந்தப் பூக்களில் தேன் இருக்கலாம். தேன் குடிக்க வருகிற பூச்சி முட்டையிட இடமில்லாமல் திரும்பிப் போகும். பட்டாம்பூச்சிப் பூங்கா என்று பலகை வைத்துவிட்டுப் புழு தின்னும் செடியைக் களை என்று பிடுங்கிப் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2019இல் தமிழ்நாட்டுக்கென்று மாநிலப் பட்டாம்பூச்சியை அரசு அறிவித்தது, தமிழ் மறவன். அந்த அக்கறை ஊர்க் கரைக்கும் இறங்கிவர வேண்டும்.

எனவே என் வேண்டுகோள் இது. ஏரிக்கரையைச் சீரமைக்கும் அதிகாரிகள் ஒவ்வோர் ஏரியிலும் கரையின் வெளிச்சரிவில் ஒரு பகுதியை வழிக்காமல் விடவேண்டும். ஐப்பசி முதல் மாசி வரை அங்கே மண்வெட்டியோ இயந்திரமோ இறங்கக் கூடாது. சீமைக்கருவேலத்தை எடுங்கள், பார்த்தீனியத்தை எடுங்கள், ஆடுதீண்டாப்பாளையை விட்டுவையுங்கள். எது எது என்று காட்ட உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களைக் கூப்பிடுங்கள், வருவார்கள். பள்ளிகளும் தொழிற்சாலைகளும் காம்பவுண்டு சுவரின் உட்புறம் ஒரு கம்பி வேலி கட்டி ஈசுவரமூலி ஏற்றலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை. வீட்டில் நடுகிறவர்கள் சின்னக் குழந்தைகளும் ஆடு மாடுகளும் வாய்வைக்காத இடமாகப் பார்த்து நடுங்கள். புழு வந்தால் மருந்து அடிக்காதீர்கள். இலை முழுவதும் போனாலும் கொடி மீண்டும் துளிர்க்கும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இந்த இரண்டு ரோஜாக்களைக் காப்பாற்றத் தனிக் காடு தேவையில்லை. கொஞ்சம் வேலியும் கொஞ்சம் கரையும் போதும்.